மேனேஜருக்கு வராதவை

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே நான் சுகம். உன் அண்ணன் மேனேஜர் சுகத்துக்கு மேல் சுகம். ஆனால் அவன் மேல் ஒரு கிரிமினல் வழக்கு இருக்கிறது. பதறாதே, உட்கார்ந்து படி.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் அவன் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறான். நீ அந்தப் பக்கம் என்ன கேட்டாலும் எனக்கு முன்னால் அவன் "ஆமா, ஆமா" என்கிறான். அவனை வைத்துக்கொண்டே அவன் கதையை எப்படிச் சொல்வது? அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கடிதம்தான் நமக்கு மிச்சம். இதையும் நம் தபால் நிலையத்தில் போட எனக்கு முகம் இல்லை. பஸ் ஏறிப் போய் வேறு இடத்தில் போடப் போகிறேன். காரணத்தைக் கேள்.

மார்க்கெட்டில் அவன் வேலை உனக்குத் தெரியும். பகலில் கூட்டுவான். சாயங்காலம் மணி அடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போய் "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்பான். அந்த நடைக்குத்தானே ஊர் அவனுக்கு மேனேஜர் என்று பட்டம் கட்டியது. முடிந்தது என்றால் ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியைக் காவல்காரரிடம் கொடுப்பான். அன்றைக்குக் காவல்காரர் விடுப்பு. மாற்று ஆள் ஒருவன், நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, "எல்லா ஷட்டரையும் பூட்டிடு மேனேஜர்" என்று சொல்லியிருக்கிறான்.

எல்லா ஷட்டர் என்றால் நம் ஆளுக்கு எல்லா ஷட்டரும்தான். அதே கட்டடத்து மூலையில் தபால் நிலையம். அதற்கும் அதே மாதிரி ஷட்டர், அதே மாதிரி பூட்டு, சாவியோடு திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து முறைப்படி "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறான். கிளார்க் அம்மா தலையை நிமிர்த்தாமல் "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றாளாம். அவ்வளவுதான். போஸ்ட்மாஸ்டர், கிளார்க் அம்மா, கவர் வாங்க வந்த ஒரு பெரியவர் மூவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து நான் கையில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போன் போட, போலீஸ் வந்தது. அப்போது நான் தைக்க நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பூட்டினது நீதானா?"

"ஆமா சார்."

"வேணும்னுதானே பூட்டினே?"

"ஆமா சார்."

"அப்புறமா போய்ப் பணப் பெட்டியை உடைச்சுத் திருடலாம்னுதானே?"

"ஆமா சார்."

யார் எதைக் கேட்டாலும் சிரித்த முகமாக ஆமா சொல்லு, சார் போட்டுச் சொல்லு என்று பள்ளிக்கூடக் காலத்தில் அவனுக்குப் பழக்கிவிட்டது நான். ஆமா சொல்கிறவனை யாரும் அடிப்பதில்லை, அதனால் பழக்கினேன். ஒப்புதல் வாக்குமூலத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே கையெழுத்தாக ஒரு வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஆட்களை அடைத்து வைத்தது, திருட முயன்றது என்று இரண்டு குற்றம். இரண்டாவதற்கு வருஷக்கணக்கில் ஜெயிலாம்.

இப்போது ஜாமீனில் என்னோடு இருக்கிறான். லாக்கப் எப்படிடா இருந்தது என்றேன். "பூட்டு நல்ல பூட்டு அக்கா" என்றான்.

கோர்ட்டே ஒரு வக்கீலம்மாவை வைத்துக் கொடுத்திருக்கிறது. சின்னப் பெண், கோட்டு எப்போதும் ஒரு தோளில்தான் நிற்கிறது. வீட்டுக்கு வந்து அவனோடு கொஞ்ச நேரம் பேசினாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இவருக்கு வழக்குன்னா என்னன்னே புரியல. புரியாதவரை வச்சு விசாரணை நடத்தக் கூடாது. டாக்டர் பார்த்து அப்படி எழுதிக் குடுத்தா, வழக்கையே தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேட்கலாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் தம்பிக்கு என்ன குறை? கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான். அவன் திருடவில்லை என்று சொல்வதை விட்டுவிட்டு, அவனுக்கு மூளை இல்லை என்று சொல்ல ஒரு வக்கீலா? டாக்டர் நாள் குறித்திருக்கிறார்கள். பார்க்கலாம்.

நீ கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். பூட்டு நல்ல பூட்டு என்ற இடத்தில் சிரித்தேன், அடுத்த வரியில் அழுதேன். கண் பரிசோதிக்கிறவளே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தால் கண்ணாடி வாங்க வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலாளி ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

இவரும் படித்தார். "உங்கண்ணன் தபால்காரங்களைப் பூட்டினதுக்கு ஊரே நன்றி சொல்லணும், அங்க என்னிக்காவது சீக்கிரம் வேலை முடிஞ்சிருக்கா?" என்கிறார். எந்த நேரத்தில் எந்தப் பேச்சு என்று இவருக்குத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்.

அக்கா, ஒன்றே ஒன்று. வக்கீலம்மா சொல்வதற்குக் குறுக்கே நிற்காதே. அவனுக்குக் குறை இருக்கிறது என்று சொன்னால் அவன் குறைந்து போய்விட மாட்டான். நாற்பது வயதிலும் நீ அவனுக்குப் பல் தேய்க்க நினைவுபடுத்துகிறாய். நீ நிதானம் என்கிறாய், ஊரில் எல்லாருக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பாய்?

கோபப்படாதே. அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லு. வரட்டுமா? விடுப்பு கேட்டுப் பார்க்கிறேன்.

உன் வாலு


மார்ச் 6

அன்புள்ள வாலுக்கு,

பாஸ்! உன் அண்ணன் பாஸ்!

அந்தப் பூசணிக்காயை எல்லாம் நீயே வைத்துக்கொள். டாக்டர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் தெரியுமா? "விசாரணையை எதிர்கொள்ளத் தகுதியானவர்." தகுதியானவர்! அவன் பிறந்ததிலிருந்து எந்தப் பள்ளிக்கூடமும், எந்த ஆஸ்பத்திரியும் அவனைப் பற்றி அந்தச் சொல்லை எழுதியதில்லை. பிரேம் போட்டு மாட்டலாமா என்று பார்க்கிறேன்.

சும்மா வந்ததில்லை இது. வக்கீலம்மா போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. இவன் திருதிருவென்று விழித்தால்தானே திருடன் என்றோ, ஒன்றும் தெரியாதவன் என்றோ எழுதுவார்கள்? நறுக்கென்று பதில் சொன்னால், இவ்வளவு ஒழுங்கான பிள்ளையா திருடுவான் என்று டாக்டரே நீதிபதியிடம் சொல்ல மாட்டாரா? டாக்டர் என்னென்ன கேட்பார் என்று வக்கீலம்மா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அவனை உட்கார வைத்தேன். நான் ஒரு சட்டைக்குக் கை வைத்து முடிப்பதற்குள் அவன் ஒரு பதிலை முடிக்க வேண்டும்.

"நீதிபதி யாரு?"

"ரெண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்றவர்."

"வக்கீலு?"

"எனக்காகப் பேசறவங்க."

"குற்றம்னா?"

"சட்டம் செய்யாதேன்னு சொன்னதைச் செய்றது."

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது சும்மாவா? முதல் வாரம் நீதிபதியும் வக்கீலும் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் பார், ரேடியோ மாதிரி வருகிறது. நீலச் சட்டை போட்டு, தலையை வாரி, அழைத்துப் போனேன். வாசலில் கூட்டம், டாக்டருக்கு நம்மைப் பார்க்கவே நேரமில்லை. வரிசையாகக் கேட்டார், வரிசையாகச் சொன்னான். முடிந்ததும் டாக்டருக்குக் கைகொடுத்து "வேலை முடிஞ்சுதா?" என்று வேறு கேட்டான். அவர் சிரித்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

வக்கீலம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் பேப்பரைக் கொண்டு போய் முகத்துக்கு நேரே நீட்டப் போகிறேன்.

நீ வர வேண்டாம். வேலையைப் பார். எல்லாம் என் கையில் இருக்கிறது.

உன் அக்கா


மார்ச் 17

அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டாய்?

போன மாதம் எங்கள் கடைக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். சுவரில் உள்ள எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே கடகடவென்று சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்து பலகையை மாற்றி மாட்டினேன். பழைய பலகையையே மறுபடி ஒப்பித்தார், பாவம். யாரோ வீட்டில் மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பியிருக்கிறார்கள், வேலை போய்விடக் கூடாதே என்று. நான் பாஸ் போட்டிருந்தால் அவரே முதலில் செத்திருப்பார்.

உன் டாக்டர் பலகையை மாற்றவில்லை. தகுதியானவர் என்றால் என்ன அர்த்தம் என்று புரிகிறதா உனக்கு? இனி விசாரணை நடக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் ஆமா சார் என்பான். பிறகு ஜெயில். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

அவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று அம்மா சாகும்போது உன்னிடம் சொன்னாள். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அவனை உள்ளே தள்ளுவாயா? அவனுக்கு வெட்கம் கிடையாது அக்கா, அவன் தெருவில் டான்ஸ் ஆடுகிறவன். வெட்கப்படுவது நீதான். அவனுக்குக் குறை இருக்கிறது என்று சொன்னால் உனக்குத்தான் அவமானம்.

வாலு


மார்ச் 29

கடிதம் கிடைத்தது. மேனேஜர் நலம். நானும் நலம். தையல் வேலை அதிகம். வக்கீலம்மா வேறு ஒரு டாக்டர் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறாள்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள, மிகவும் அன்புள்ள, கோபக்கார அக்காவுக்கு,

தபால்தலைக்குப் பாதி இடம் கொடுத்து மீதியில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். "உன் அக்கா" என்று எழுதுகிறவள் வெறும் "அக்கா" ஆகிவிட்டாய். அந்த "உன்" எங்கே? அதை எனக்குத் திருப்பித் தா.

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்து ஒரு நாள் பார்த்துக்கொள்ள யோக்கியதை இல்லாதவள், எட்டி இருந்து எழுத்தாணி பிடித்துவிட்டேன். ஊருக்கு உபதேசம் என்று இவரே சொன்னார். இவர் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான், அதனால்தான் வலித்தது.

என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது. நீ திட்டாமல் இருந்தால்தான் பயமாக இருக்கிறது. அண்ணன் எப்படி இருக்கிறான்? மார்க்கெட்டில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களா? நீ சாப்பிடுகிறாயா?

முதலாளியிடம் விடுப்புக்கு வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் புறப்படுகிறேன். சொல்ல மாட்டாய், தெரியும்.

உன், உன், உன் வாலு


ஏப்ரல் 30

அன்புள்ள வாலுக்கு,

திட்டவெல்லாம் தெம்பு இல்லை, போ. நீ எழுதியதைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டிப் படித்தேன். வக்கீலம்மாவிடம் அந்தப் பேப்பரை நீட்டப் போகிறேன் என்றேனே, நீட்டியபோது அவள் என்னைத் திட்டவில்லை. கோட்டை இரண்டு தோளிலும் சரியாகப் போட்டுக்கொண்டு, "பரவால்ல அக்கா, இன்னொரு டாக்டரைக் கேட்போம்" என்றாள். அவளுக்கு வேண்டாத வேலையை வைத்துவிட்டேன்.

இரண்டாவது டாக்டர் ஒரு அம்மாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவில்லை, வீட்டுக்கே வந்தாள். காலையிலேயே ஒரு பிளாஸ்க்கில் காப்பியோடு வந்து, என்னிடம்தான் முதலில் கேட்டாள்.

"குளிப்பாரா?"

"குளிப்பான்."

"நீங்க சொல்லாம?"

"தண்ணி எடுத்து வச்சுக் கூப்பிடுவேன், வந்து குளிப்பான்."

"சாப்பிடுவாரா?"

"தட்டுல போட்டுச் சாப்பிடுடான்னா சாப்பிடுவான்."

"ரோட்டைத் தாண்டுவாரா?"

"நான் கையைப் பிடிச்சிருப்பேன். மார்க்கெட்டுக்குப் போறப்ப பழக்கடைக்காரர் பிடிச்சுக்குவார்."

எல்லாம் செய்வான் என்றுதான் எல்லாவற்றுக்கும் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு, "நாளைக்கு ஒரு நாள் நீங்க வீட்டுல இருக்க வேண்டாம், நான் மூலையில உட்கார்ந்து பார்த்துக்கறேன். ஒரு ஆபத்தும் வராது" என்றாள்.

போனேன். எங்கே போனேன்? எதிரே ரொட்டிக் கடைக்குத்தான். கண்ணாடி வழியாக நம் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் எத்தனை டீ கொடுத்தார் என்று தெரியாது.

வாலு, அவன் எழுந்திருக்கவே இல்லை. விழித்துவிட்டான், கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அப்படியே இருக்கிறான். மேசையில் ரொட்டி இருக்கிறது, மூடிகூடப் போடவில்லை, அவன் கைக்கு எட்டும். எடுக்கவில்லை. வெயில் ஜன்னலில் ஏறி இறங்குகிறது. யாராவது எழுந்திருடா என்று சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு இருக்கிறான். மத்தியானத்துக்கு மேல் என்னால் முடியவில்லை, ரோட்டைத் தாண்டி ஓடினேன். ஒரு ஸ்கூட்டர்காரன் திட்டினான். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்து, "எந்திரிக்கலாமா அக்கா?" என்றான்.

பிறகு முழு ரொட்டியையும் தின்றான், அது வேறு விஷயம். டாக்டரம்மாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தான்.

இத்தனை நாள் அவன் செய்கிறான் என்று நான் நினைத்ததெல்லாம் நான் செய்ததுதான். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரம்மா நல்லவள், நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை பிளாஸ்க்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது சங்கதி என்னவென்றால், அவனுக்கு வழக்குப் புரியாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தும் அரசு வக்கீல் விடுவதாக இல்லை. புரியவில்லை என்றால் அடைத்த ஆஸ்பத்திரியில் வைத்துப் புரியும்வரை பாடம் நடத்துங்கள், பிறகு விசாரிக்கலாம் என்கிறார். அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் சரியாம். நானில்லாத இடத்தில், யாரும் எழுந்திருடா என்று சொல்லாத ஒரு கட்டிலில் அவனை நினைத்துப் பார்த்தேன். ஜெயிலே மேல் போலிருக்கிறது.

அடுத்த மாதம் வக்கீலம்மாவின் தள்ளுபடி மனுவைக் கோர்ட் கேட்கிறது. நான் சாட்சி சொல்ல வேண்டும். அவனுக்கு என்னவெல்லாம் வராது என்று வாயால் சொல்ல வேண்டும். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சொல்லலாமா என்று கேட்டேன். முடியாதாம், அவன் வழக்கு, அவன் முன்னால்தான் நடக்க வேண்டுமாம். இத்தனை காலம் "உனக்கு எல்லாம் வரும்டா" என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வேன்?

நீ வர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

"உன்" திரும்பி வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

நீ ஓடியதைப் படித்துவிட்டு இவர் சாயங்காலம் முழுக்க ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

சொல்லிவிடு அக்கா. அவன் முகத்தைப் பார்க்காதே, நீதிபதி முகத்தைப் பார்த்துச் சொல்லு. அவன் மனசு நொந்தால் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சரிக்கட்டலாம். அவன் உள்ளே போய்விட்டால் சரிக்கட்ட ஒன்றும் இருக்காது. உனக்குத் தைரியம் சொல்ல நான் யார்? இருந்தாலும் சொல்கிறேன்.

நான் வரவேண்டாம் என்று இரண்டு கடிதத்தில் எழுதிவிட்டாய். சரி. இனி கேட்க மாட்டேன்.

உன் வாலு


மே 24

அன்புள்ள வாலுக்கு,

தள்ளுபடி! வழக்கு தள்ளுபடி! முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

நீதிபதிக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக வந்து உட்கார்ந்தார். மேனேஜரை முன் பெஞ்சில் வக்கீலம்மா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோர்ட்டை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். அரசு வக்கீல் உயரமான ஆள். எழுந்ததும் என்னைத்தான் பிடித்தார்.

"முதல் டாக்டர்கிட்ட இவர் எல்லாத்துக்கும் சரியாத்தானே பதில் சொன்னார்?"

"கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி நான் சொல்லிக் குடுத்தேன் அய்யா. என் மெஷின் பக்கத்துல உட்கார வச்சு."

"அப்போ சொல்லிக் குடுத்தா கத்துக்கறார். அதைத்தான் நானும் சொல்றேன்."

அந்த ஆள் கெட்டிக்காரர். வக்கீலம்மா எழுந்து, "அக்கா, அவருக்கு என்னென்ன வராதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நீ சொன்ன மாதிரி நீதிபதியையே பார்த்தேன். சொன்னேன். எழுத வராது, படிக்க வராது. நேற்றும் நாளையும் ஒன்றுதான். தனியாக ரோட்டைத் தாண்ட வராது. பசித்தால் எடுத்துச் சாப்பிட வராது. இல்லை என்று சொல்ல வராது, யார் கேட்டாலும் ஆமா. ஜெயில் என்றால் என்னவென்று கேட்டால் நல்ல பூட்டு என்பான். நான் கட்டிலை விட்டு எழுப்பாவிட்டால் எழுந்திருக்க வராது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் தம்பியைச் சபையில் துணி உரிப்பது போல இருந்தது. ஒரு மாதிரி முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது முன் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"அய்யா, அக்கா ஒண்ணு விட்டுட்டா."

நீதிபதி கைக்குட்டையை இறக்கினார். "என்ன விட்டுட்டாங்க?"

"பித்தான் போட வராது."

உனக்கே தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவன் சட்டைகளில் பித்தான் எல்லாம் நான் மேலே சும்மா தைத்து வைத்தது. அடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற பிரஸ் பட்டன். பார்க்கிறவர்களுக்கு அவனே பித்தான் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அவனுக்கு அது தெரியாது, மற்றவர்களைப் போல அவனும் சட்டை போடுகிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று நான் நம்பியிருந்தேன். கோர்ட் நடுவில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. டப் டப் டப் என்று கழுத்திலிருந்து தொப்பை வரை திறந்துகொண்டது. "பாருங்க, இது சும்மா" என்று அந்தப் பொய்ப் பித்தானைத் தூக்கிக் காட்டினான்.

கோர்ட்டே சிரித்தது. போஸ்ட்மாஸ்டரும் கிளார்க் அம்மாவும் சாட்சிக்கு வந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தவள் நான். எழுந்து அவனை மூடத்தான் போனேன். ஆனால் அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான், எல்லாரையும்விடச் சத்தமாக. நான் உட்கார்ந்துவிட்டேன்.

நீதிபதி டாக்டரம்மாவிடம் ஒன்றுதான் கேட்டார். "பாடம் நடத்தினா எவ்வளவு நாள்ல புரியும்?"

"ஒப்பிக்க ரெண்டு மூணு வாரத்துல வந்துடும், ஏற்கெனவே வந்துடுச்சு. புரியறது எந்நாளும் வராது. இது காய்ச்சல் இல்ல, இறங்கறதுக்கு."

அவர் எழுதி வாசித்தார். தன் மேல் என்ன குற்றம் என்பதே விளங்காத ஒருவரை நிறுத்தி நடத்துவது விசாரணை ஆகாது, விளங்க வைக்கிறோம் என்று காலமெல்லாம் அடைத்து வைப்பது நியாயமும் ஆகாது, இரண்டு குற்றச்சாட்டும் தள்ளுபடி. வாசித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு குறை. அவன் திருடன் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. வெளியே வந்து வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அது விசாரணை நடந்தாத்தான் அக்கா சொல்ல முடியும். விசாரணையே வேண்டாம்னுதானே கேட்டோம்?" என்றாள். நியாயம்தான், ஆனாலும் மனசு ஆறவில்லை. போஸ்ட்மாஸ்டர் கேட்டுக்கொண்டே நின்றவர், "அம்மா, எங்கள்ல யாரும் அப்படி நினைக்கல. பூட்டினதுக்கு மட்டும் ரெண்டு திட்டு திட்டிக்கிறேன்" என்று சொல்லி, அவனைக் கட்டிக்கொண்டு இரண்டு திட்டு திட்டினார். அவன் "ஆமா சார்" என்றான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அவன், பக்கத்தில் நான். சட்டையை அழுத்தி மூடிவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்டா, இதெல்லாம் உனக்கு வராதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"எப்பவும். நீதான் வரும் வரும்னே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அழுவே."

அவனிடமிருந்து நான் மறைத்தேன், என்னிடமிருந்து அவன் மறைத்தான். நான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தேன் வாலு, அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். பஸ்ஸிலேயே அழுதேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை, பேச்சை மாற்றினான்.

"உனக்கு என்ன வராது?"

விசில் அடிக்க வராது என்றேன். அது போதாதாம், வேறு சொல்லு என்றான். யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"யாரையும் ஒத்தாசைக்குக் கூப்பிட வராதுடா."

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நான் இவ்வளவு மக்கு என்று அவனுக்கு அதுவரை தெரியாது போல. அவனுக்கு அதில் பழக்கம் அதிகம், நாள் முழுக்கப் பழக்கடைக்காரரிலிருந்து ரொட்டிக் கடைக்காரர் வரை கூப்பிடுகிறவன் அல்லவா?

"அது ஈஸி அக்கா. கொஞ்சம் வாங்கன்னு சொல்லணும். அவ்ளோதான். சொல்லு."

பஸ்ஸில் வைத்துச் சொல்ல வைத்தான். நான் முணுமுணுத்தேன். "சத்தமா" என்றான். சத்தமாகச் சொன்னேன். முன் சீட்டு ஆள் திரும்பி "என்னம்மா வேணும்?" என்று எழுந்தே வந்துவிட்டார்.

டாக்டரம்மா, இனி நான் ஒருத்தியே எல்லாம் செய்யக் கூடாது என்கிறாள். எனக்கும் முழங்கால் வலிக்கிறது, மெஷினை மிதித்தால் இரவெல்லாம் குடைகிறது, உனக்கு எழுதவில்லை. நான் இல்லாவிட்டால் அவன் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருப்பானே என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை, அதையும் எழுதவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் எழுதினேன். இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு, எழுதிட்டியா, எழுதிட்டியா என்று கேட்கிறான். எழுதிவிடுகிறேன்.

கொஞ்சம் வாடி.

உன் அக்கா